நேற்று எங்கெல்லாம் போனீங்க? வீட்டுப் பயணக் கணக்கெடுப்பு எடுக்கும் முறை

மினி பஸ் கேட்டு மனு கொடுக்கப் போகிறீர்களா? ஊர்க்காரர்கள் எதில், எதற்காகப் போய் வருகிறார்கள் என்ற கணக்கு கையில் இருந்தால் பேச்சு எடுபடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எதில் போகிறார்கள் என்று கேட்டார்கள். கடை, ஆஸ்பத்திரி, பிள்ளையைப் பள்ளியில் விடுவது எல்லாம் அதில் வராது. அதை நாமேதான் எடுக்க வேண்டும்.

முதலில் எல்லா வீடுகளையும் தெரு வரிசையில் பட்டியல் போடுங்கள். 600 வீடு என்றால் பத்துக்கு ஒன்றாக 60 போதும். முதல் பத்தில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு பத்தாவது வீடாகப் போங்கள். பூட்டியிருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்குத் தாவாதீர்கள். பகலில் பூட்டிக் கிடப்பது பெரும்பாலும் எல்லோரும் வேலைக்குப் போகும் வீடு. மாலையில் திரும்பப் போங்கள்.

படிவத்தின் தலையில் ஆட்களின் வயது, வேலை, வீட்டிலுள்ள வண்டிகள். சைக்கிளையும் சேர்த்துத்தான்.

அப்புறம் முக்கியமான இடம். "வழக்கமா எதுல போவீங்க?" என்று கேட்கவே கேட்காதீர்கள். "ட்ரெயின்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். "நேற்று காலையில முதல்ல எதுக்கு வெளியே கிளம்பினீங்க? அங்கிருந்து எங்கே?" என்று நூல் பிடித்த மாதிரி வாருங்கள். பல்லாவரத்தில் ஒரு அம்மாவிடம் இப்படிக் கேட்டால், பால் வாங்க நடை, பிள்ளையைப் பள்ளியில் விட நடை, ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, கிண்டி வரை மின்சார ரயில், ஆபீசுக்கு மறுபடி நடை என்று விரியும். ஒவ்வொன்றும் தனி வரி: எங்கிருந்து, எங்கே, எத்தனை மணிக்கு, எதற்கு, எதில், எவ்வளவு செலவு. நடையைக் கேட்டு வாங்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். அதெல்லாம் ஒரு பயணமா என்பார்கள்.

பைக்கில் ஓட்டியவருக்கும் பின்னால் உட்கார்ந்தவருக்கும் தனித்தனி வரி. கட்டணமில்லா பஸ்ஸில் போன பெண்ணுக்குச் செலவு 0 என்று எழுதுங்கள். காலியாக விட்டால் இலவசமா, கேட்க விட்டுப்போனதா என்று பிறகு தெரியாது. வேலைநாள் கணக்கு வேண்டுமென்றால் புதன் முதல் வெள்ளிக்குள் போங்கள். திங்களன்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக் கதைதான் கிடைக்கும்.

கடைசியில் பெருக்கல். 60-இல் 52 வீடுதான் பதில் சொன்னது என்றால் 600-ஐ 52-ஆல் வகுங்கள். ஒவ்வொரு வீடும் ஏறக்குறைய பதினொன்றரை வீட்டுக்குச் சமம். பயணங்களை அந்த எண்ணால் பெருக்குங்கள், பத்தால் அல்ல.