எகிப்தியச் சுவர்ச் சிற்பங்களைப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எகிப்தியக் கோயில் சுவர்களைப் பற்றிச் சுற்றிவரும் தப்பெண்ணங்களில் முக்கால்வாசி, அவற்றைப் புகைப்படம் மாதிரி பார்ப்பதால் வருபவை. அந்தச் சுவர்களை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும்.

முகம் பக்கவாட்டில், கண்ணும் தோளும் நேராக, கால்கள் மறுபடி பக்கவாட்டில். இதைப் பார்த்து, "அவர்களுக்கு ஒழுங்காக வரையத் தெரியாது" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சிற்பி அளவு பிசகாமலிருக்கச் சுவரில் முதலில் கட்டம் போட்டுக்கொண்டார். நிற்கும் உருவத்துக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டங்கள். ஒவ்வோர் உறுப்பும் எந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகத் தெரியுமோ, அப்படிக் காட்டுவதே அவர்களது முறை.

இதைவிடப் பெரிய தவறு, அரசன் எதிரியை அடிக்கும் காட்சியை நடந்த சம்பவமாக எடுத்துக்கொள்வது. அபுசிரில் சஹூரே மன்னனின் கோயில் இருக்கிறது, கி.மு. 25ஆம் நூற்றாண்டு. அங்கே தோற்ற லிபியத் தலைவனின் மனைவியையும் இரண்டு மகன்களையும் பெயரோடு செதுக்கியிருக்கிறார்கள். சுமார் 200 ஆண்டுகள் கழித்து இரண்டாம் பெப்பியின் கோயிலில் அதே குடும்பம், அதே பெயர்கள். அப்புறம் கி.மு. 7ஆம் நூற்றாண்டில், இன்றைய சூடானிலுள்ள காவாவில், தஹார்க்கா மன்னன் கட்டிய கோயிலிலும் அவர்களே வருகிறார்கள். ஒரே குடும்பம் மூன்று அரசர்களிடம் தோற்றிருக்க முடியாது. உலகின் ஒழுங்கைக் காப்பவன் அரசன் என்று சொல்வதற்கான வாய்பாடு அது. எனக்கு இது எந்தப் போர்க் குறிப்பையும்விடச் சுவையான செய்தி.

எகிப்தின் அபிதோஸில் முதலாம் சேத்தி மன்னனின் கோயில் உத்தரக்கல்லில் "ஹெலிகாப்டர்" செதுக்கியிருப்பதாகப் பரவும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைத் தயவுசெய்து பகிராதீர்கள். முதலில் சேத்தியின் பட்டப்பெயரை அந்தக் கல்லில் செதுக்கினார்கள். பிறகு அதைச் சாந்து பூசி மூடி, அவன் மகன் இரண்டாம் ராம்சேஸின் பட்டப்பெயரை மேலே வெட்டினார்கள். காலப்போக்கில் சாந்து உதிர்ந்து, இரண்டு எழுத்து வரிசைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. அவ்வளவுதான்.

தெய்வங்களைத் தலையை மட்டும் வைத்து அடையாளம் சொல்வதும் சரிவராது. பிற்காலச் சிற்பங்களில் ஐசிஸ், ஹாத்தோர் இருவருக்குமே பசுக்கொம்பும் நடுவில் சூரிய வட்டும் உண்டு. பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைத் தேடுங்கள். அரியணை வடிவம் இருந்தால் ஐசிஸ். ஒரு கட்டத்துக்குள் பருந்து நின்றால் ஹாத்தோர். அந்தப் பெயருக்கே "ஹோரஸின் வீடு" என்றுதான் பொருள்; பருந்து ஹோரஸ் என்ற கடவுள், கட்டம் அவரது வீடு. அரசர் பெயரென்றால் நீள்வட்ட வளையத்துக்குள் இருக்கும்.

கல்லின் நிறமே சிற்பத்தின் நிறம் என்றும் நினைக்க வேண்டாம். அநேகமாக எல்லாமே வண்ணம் பூசப்பட்டவை. வெயில் படும் வெளிச்சுவர்களில் உருவத்தைக் கல்லுக்குள் குழித்துச் செதுக்கினார்கள். விளிம்பில் விழும் நிழலே கோடாகிவிடும். மங்கலான உள்ளறைகளில் பெரும்பாலும் புடைப்பாக. அபிதோஸில் சேத்தியின் உள்ளறைகளுக்குப் போனால், மெல்லிய ஆடையின் மடிப்புகூடப் புடைப்பில் தெரியும், வண்ணமும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும். தொடாதீர்கள், கைவியர்வையின் உப்பும் எண்ணெயும் அந்த வண்ணத்தை அரித்துவிடும்.