வெள்ளி அடைத்த பல்லை மாற்றுவது: முடக்குவாதக்காரியின் அனுபவக் குறிப்பு

என் வாயில் ஐந்து வெள்ளி அடைப்புகள் இருந்தன. மூன்றை மாற்றியாகிவிட்டது; இரண்டை வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறேன். முதல் ஒன்றை மாற்றிய விதம் தப்பு. அதில் பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து அடுத்த இரண்டையும் ஒழுங்காகச் செய்துகொண்டேன். எனக்குப் பதினாறு வருஷமாக முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி மடங்காமல் போகும் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்), ஆறு வருஷமாகச் சர்க்கரை. இப்படி ஒரு நோயைக் கூடவே வைத்துக்கொண்டு பல் நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எதற்காக எடுக்க நினைத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் வெட்கம்தான். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் ஒருவர், வெள்ளியை எடுத்த மறு மாதமே மூட்டு வீக்கம் போய்விட்டது என்றார். விரல் மடங்காத ஒரு காலையில் அதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? என் வாதநோய் மருத்துவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "பல்லுக்காக எடுக்கணும்னா எடுங்கம்மா, மூட்டுக்காக எடுக்காதீங்க" என்றார். மூன்றை எடுத்த பிறகும் என் ஈஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பழையபடிதான் ஏறி இறங்குகிறது.

வெள்ளி என்பது பேருக்குத்தான். அந்த அடைப்பின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மிச்சம்தான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. பல்லில் சும்மா இருக்கும்போது அதிலிருந்து கிளம்பும் ஆவி மிகக் கொஞ்சம். டிரில் வைத்துக் குடையும்போதுதான் சூட்டில் அது கூடும். 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இரண்டையும் சேர்த்தே சொன்னது: கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், சிறுநீரகக் கோளாறோ நரம்பு நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்குப் புதிதாக இந்த அடைப்பை வைப்பதைக் கூடியவரை தவிர்க்கலாம், ஆனால் நன்றாக இருக்கும் பழைய அடைப்பை மருத்துவக் காரணம் இல்லாமல் தோண்டாதீர்கள். தோண்டினால் ஆவியும் கொஞ்ச நாளைக்குக் கூடும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும்.

அதனால் முதல் வேலை, எதை எடுப்பது என்று முடிவு செய்வது. எக்ஸ்ரே எடுத்து ஒவ்வொரு பல்லாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரம் உடைந்திருக்கிறதா, அடியில் புதுச் சொத்தை இருக்கிறதா, பல்லில் விரிசல் விட்டிருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு, முதலில் மாற்றியது போக, கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் அடைப்பின் ஓரம் உடைந்து அடியில் சொத்தை இருந்தது. இன்னொன்றில் அடைப்பு திடமாகத்தான் இருந்தது, ஆனால் அது உரசும் இடத்தில் கன்னத்தின் உள்பக்கம் வலைப்பின்னல் போல வெள்ளைத் திட்டு. காரமாகச் சாப்பிட்டால் எரியும். அடைப்பின் உலோகத்துக்குச் சிலர் வாயில் இப்படி ஆவதுண்டு, அதுவும் எடுக்க நல்ல காரணம்தான் என்றார் பல் மருத்துவர். மாற்றிய பிறகு திட்டு மெல்ல மறைந்தது. மற்ற இரண்டிலும் குறை எதுவும் இல்லை. விட்டுவிட்டோம்.

இனி அந்த முதல் தப்பு. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக். என்ன நோய், என்ன மாத்திரை என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாற்காலியை அப்படியே படுக்கப்போட்டு, கழுத்தைப் பின்னால் மடக்கி, முப்பத்தைந்து நிமிஷம். வாயில் ரப்பர் விரிப்பு இல்லை. உறிஞ்சும் குழாயைப் பிடிக்க வேண்டிய பெண் பாதியில் போன் எடுக்கப் போய்விட்டாள். கறுப்புத் தூளை எச்சிலோடு விழுங்கினேன். அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்: விழுங்கிய துண்டு பெரிதாக உடம்பில் சேராது, மூச்சில் போகும் ஆவிதான் கணக்கு, உள்ளே போனதில் ஐந்தில் நான்கு பங்கு தங்கிவிடும். எனக்கு ஆவியைவிட அதிகம் படுத்தியது கழுத்துதான். மூன்று வாரம் திரும்ப முடியவில்லை.

முடக்குவாதக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இந்த நோய் கழுத்தின் மேலிரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள பிடிப்பைத் தளர்த்திவிடக்கூடும். வெகுநாள் நோய் உள்ளவர்கள் பல் நாற்காலியில் சாயும் முன் கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே தேவையா என்று வாதநோய் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு எடுத்தார்கள், பயப்படும்படி இல்லை. இருந்தாலும் நாற்காலியைப் பாதி மட்டும் சாய்க்கச் சொல்லி, கழுத்துக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த கிளினிக்கைப் போனிலேயே தேர்ந்தெடுத்தேன். நான் கேட்டது மூன்றே கேள்வி. ரப்பர் டேம், அதாவது அந்த ரப்பர் விரிப்பு, போடுவீர்களா? வேலை முடியும்வரை பெரிய சக்‌ஷன் பிடிக்கத் தனி ஆள் இருப்பாரா? எடுத்த வெள்ளித் துண்டுகளை என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். எரிக்கப் போகும் கழிவுப் பையில் பாதரசத்தைப் போடக்கூடாது. தனி மூடி போட்ட டப்பாவில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்று ஒரு இடத்தில் கேட்டார்கள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மருந்து விஷயம். போடுகிற எல்லா மாத்திரையையும் ஒரு தாளில் எழுதிப் பல் மருத்துவரிடம் கொடுங்கள், நாட்டு மருந்து உட்பட. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வெகுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் திடீரென்று விட்டால் ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்களும் சாதாரண அடைப்புக்காக அதை விட வேண்டியது பெரும்பாலும் வராது. இதயத்தில் செயற்கை வால்வு இருந்தாலோ சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலோ அந்தந்த மருத்துவரிடமிருந்து ஒரு வரி எழுதி வாங்கி வாருங்கள். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் மரத்துப்போக ஊசி போடும் முன் சொல்லிவிடுங்கள்; அந்த மருந்தில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். கர்ப்பமாக இருந்தாலோ பாலூட்டினாலோ, அவசரம் இல்லாத அடைப்பைத் தள்ளிப்போடுங்கள்.

நாள் குறிப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு தடவை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை நான் போடுவது சனிக்கிழமை இரவு. ஞாயிறு முழுக்கக் குமட்டல், திங்கள் அசதி, புதன்தான் என் நல்ல நாள். சர்க்கரைக்காரர்களைக் காலையில் சீக்கிரம் வரச் சொல்வார்கள். ஆனால் என் தாடை காலை பத்து மணிக்குத்தான் இளகும். ஆக, புதன் பத்தரை. இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, வீட்டிலேயே சர்க்கரை பார்த்துவிட்டுப் போனேன். வாயில் புண் இருந்தால் போகாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு அது அடிக்கடி வரும். மூக்கடைப்பு இருந்தாலும் வேண்டாம், டேம் போட்டால் மூக்கால்தான் மூச்சு விட வேண்டும். ஆனால் பல்லில் சீழ் வைத்திருந்தால் நல்ல நாள் பார்த்துக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு பல்தான். இரண்டுக்கும் நடுவே ஆறு வாரம் விட்டேன்.

டேம் என்பது ஒரு ரப்பர் தாள். அதில் ஓட்டை போட்டு வேலை செய்யும் பல்லை மட்டும் வெளியே எடுத்து, பாக்கி வாயை மூடிவிடுவார்கள். லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாவிட்டால் முன்பே சொல்லுங்கள், வேறு வகை உண்டு. டேம் போட்ட பிறகு பேச முடியாது. கையைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். என் தோள் அவ்வளவு சீக்கிரம் எழும்பாது. மடியில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டேன். குலுக்கினால் நிறுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். எனக்கு வாய் இரண்டு விரல் அகலம்தான் திறக்கும், அதனால் ஒரு பக்கம் ரப்பர் கட்டை வைத்தார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அதை எடுத்துத் தாடைக்கு ஓய்வு.

அடைப்பைத் தூளாக்கிக் குடையாமல், புது டிரில் முனையால் குறுக்கே இரண்டு மூன்று வெட்டு வெட்டிப் பெரிய துண்டுகளாகப் பெயர்த்தார். நிறையத் தண்ணீர் அடித்தபடி, பல்லுக்குப் பக்கத்திலேயே பெரிய சக்‌ஷன், டேமுக்கு அடியிலும் ஒரு குழாய். கண்ணுக்குக் கண்ணாடி, ஜன்னல் திறந்திருந்தது. மூக்கில் ஆக்சிஜன் வைக்கிறவர்களும் உண்டு, எனக்கு வைக்கவில்லை. வெள்ளி முழுசாக வெளியே வர ஆறேழு நிமிஷம்தான் ஆனது. பிறகு வாயைக் கழுவிவிட்டார்.

மாற்றாக எதை அடைப்பது? பல் நிறத்தில் வரும் காம்போசிட்டைத்தான் முதலில் சொல்வார்கள். ஈரம் துளியும் படாமல், ஒவ்வொரு அடுக்காக வைத்து நீல விளக்கில் இறுக்க வேண்டும். அதனால் நேரம் பிடிக்கும், பெரிய குழியில் வெள்ளியளவு நாள் உழைக்காமலும் போகலாம். வாய் அதிகம் வறண்டு சொத்தை திரும்பத் திரும்ப வருகிறவர்கள் கிளாஸ் அயனோமர் பற்றிக் கேளுங்கள்; அதிலிருந்து ஃபுளோரைடு கசியும், ஆனால் கடிக்கும் பலம் குறைவு. பல்லின் சுவரே போயிருந்தால் பல்லின் மேல் உறை மாதிரி மூடும் கேப் போடுவதுதான் சரி. எனக்கு ஒன்றில் காம்போசிட், சொத்தை ஆழமாக இருந்த கீழ்ப்பல்லில் கேப்.

வீட்டுக்கு வந்து மரப்பு போகும்வரை சாப்பிடாதீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். சர்க்கரைக்காரர்கள் மோர் மாதிரி குடிக்க ஏதாவது தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதுமாக இருந்தது. மெத்தோட்ரெக்சேட்டோடு டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போடலாமா என்று கேட்காமல் போடாதீர்கள். சில வாரம் குளிர்ச்சி பட்டால் கூசும். கடிக்கும்போது ஒரு பல் மட்டும் முதலில் தட்டினால் உயரம் கூடிவிட்டது என்று அர்த்தம். போய்த் தேய்த்துக்கொண்டு வாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. முடக்குவாதத் தாடைக்கு அந்த அரை மில்லிமீட்டர் பெரும் வலியாகிவிடும். ராத்திரி தானாகவே துடிக்கும் வலி வந்தால் அது நரம்பு சம்பந்தப்பட்டது, ரூட் கெனால் வரைக்கும் போகலாம்.

முடிந்ததும் "உடம்பில் இருக்கும் பாதரசத்தை இறக்க டிரிப் போடலாம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த மருந்துகள் நிஜமான உலோக நஞ்சுக்கானவை; காரணமில்லாமல் ஏற்றினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொத்தமல்லிச் சாறு குடிக்கச் சொன்னார் என் நாத்தனார். குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது, அவ்வளவுதான்.

மிச்சம் இருக்கும் இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்து, போட்டோ எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டுக்கொள்கிறோம். மேல் வலப்பக்கத்து அடைப்பின் ஓரத்தில் போன தடவை ஒரு கோடு தெரிந்தது. "அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார் டாக்டர். சரி என்றேன், புதன்கிழமையாகப் போடச் சொல்லி.