முதல் விறகு அடுப்பு: அடுப்புக்கு முன்னால் விறகை வாங்குங்கள்

ஒன்ராறியோவில் நகரத்தை விட்டுத் தள்ளி வீடு வாங்குகிறவர்களுக்கு முதல் குளிர்காலத்திலேயே விறகு அடுப்பு ஆசை வந்துவிடும். பல இடங்களில் எரிவாயுக் குழாய் இருக்காது. புரொப்பேன் பில் கையைக் கடிக்கும். பனிப்புயலில் கரண்ட் போனால் ஃபர்னஸும் நின்றுவிடும். ஆசை நியாயமானதுதான், ஆனால் கடைக்குப் போய் அடுப்பைப் பார்ப்பது முதல் வேலை இல்லை.

1. விறகு

அக்டோபரில் "காய்ந்த விறகு" என்று விற்பதில் பாதிக்கு மேல் ஈரம்தான் என்று வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள். வசந்தத்தில் வாங்கி, பிளந்து, தரையில் படாமல் அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள், பக்கவாட்டில் காற்று புக வேண்டும். மேப்பிள், ஆஷ், பர்ச் குறைந்தது ஒரு முழு வெயில் காலம் காய வேண்டும். ஓக்குக்கு இரண்டு வருடம் கூட ஆகும்.

ஈரம் பார்க்கச் சின்ன மீட்டர் கிடைக்கிறது. வெளிப்பக்கத்தில் குத்தினால் பொய் சொல்லும். ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, உள்முகத்தில் குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சரி. ஈர விறகு எரியும்போது நுனியில் நுரை தள்ளிச் சீறும். சூட்டில் ஒரு பங்கு தண்ணீரைக் கொதிக்க வைக்கவே போய்விடும். மிஞ்சிய புகை புகைபோக்கிக்குள் குளிர்ந்து, கிரியோசோட் என்ற கருப்புப் பிசினாகப் படியும். புகைபோக்கியில் தீப்பிடிப்பது இந்தப் படிவால்தான்.

அளவிலும் கவனம் வேண்டும். ஒரு கோர்ட் என்றால் 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், அதாவது 128 கன அடி. "ஃபேஸ் கோர்ட்" என்பது ஒரே ஒரு வரிசை. கட்டை 16 அங்குலமாக இருந்தால், கோர்டில் மூன்றில் ஒரு பங்குதான். விலையை ஒப்பிடுவதற்கு முன் எதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

2. அனுமதியும் காப்புறுதியும்

நகரசபையில் கட்டட அனுமதி எடுங்கள். காப்புறுதிக்காரருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பெரும்பாலும் 'வெட்' (WETT, விறகு அடுப்பு வேலைக்கான பயிற்சிச் சான்றிதழ்) பெற்றவர் பார்த்து எழுதிய அறிக்கை கேட்பார்கள்.

3. பொருத்துவது

இந்த வேலையைச் சான்றிதழ் உள்ளவரிடம் விடுங்கள். ஆனால் அவர் செய்வதைப் புரிந்துகொள்ள இவை தெரிந்திருக்க வேண்டும்: சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்று அடுப்பின் பின்பக்கத் தகட்டிலேயே இருக்கும். கீழே எரியாத தளம் வேண்டும், கதவுக்கு முன்னால் 18 அங்குலமும் மற்றப் பக்கங்களில் 8 அங்குலமும் நீள வேண்டும். ஒற்றைத் தகட்டுக் குழாய் என்றால் மரச்சுவரிலிருந்து 18 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் முனை அடுப்பை நோக்கிக் கீழே பார்க்க வேண்டும். அப்போதுதான் உள்ளே கசிவது திரும்ப அடுப்புக்குள்ளேயே விழும். ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று ஸ்க்ரூ. புகைபோக்கி கூரையிலிருந்து 3 அடியாவது உயர வேண்டும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எதையும் விட 2 அடி கூடவும் இருக்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் முதல் குச்சியைக் கூடப் பற்றவைக்காதீர்கள்.

4. பற்றவைப்பது

முதல் சில தடவை சின்னத் தீ மட்டும் போடுங்கள். பெயின்ட் இறுகும்போது நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அப்புறம் தினசரித் தீ. இது நம் வழக்கத்துக்கு நேர் எதிர். பெரிய கட்டைகள் அடியில், அதன் மேல் நடுத்தரம், உச்சியில் சுள்ளி, அதற்கும் மேலே முறுக்கிய செய்தித்தாள். காற்றுத் திறப்பை முழுதாகத் திறந்து, உச்சியில் நெருப்பு வையுங்கள். ஊதவே வேண்டாம். தீ மேலிருந்து இறங்கும்போது, கீழ்க்கட்டையின் புகை அந்தச் சுவாலைக்குள்ளேயே போய் எரிந்துவிடும். கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, நன்றாகப் பிடித்ததும் மூடிவிடுங்கள். அந்த நேரம் பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

புகை வீட்டுக்குள் திரும்பினால் முதலில் சமையலறை ஹூடைப் பாருங்கள். மீன் பொரிக்க முழு வேகத்தில் ஓடவிட்டால், அது வீட்டுக் காற்றையெல்லாம் இழுத்து, புகைபோக்கி வழியாகப் புகையையும் உள்ளே கூப்பிடும்.

கட்டைகள் கருகி, சுவாலை நிலைத்த பிறகு காற்றைப் படிப்படியாகக் குறையுங்கள். இரவு முழுக்க நின்று எரியட்டும் என்று ஒரேயடியாக மூடுவதுதான் புதியவர்களின் பெரிய சபலம். சுவாலை செத்து வெறும் புகையாகக் கனன்றால் பிசின்தான் சேரும். வெளியே போய்ப் புகைபோக்கியைப் பாருங்கள். சூடான அடுப்பு என்றால் புகை கண்ணுக்கே தெரியக்கூடாது.

5. சாம்பலும் துப்புரவும்

அணைந்தது போலத் தெரியும் சாம்பலுக்குள் தணல் நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தில் இல்லாமல், கல்லிலோ மண்ணிலோ வையுங்கள். அடுப்பில் ஓர் அங்குலச் சாம்பலை விட்டுவிட்டால் அடுத்த தீ சீக்கிரம் பிடிக்கும்.

வருடம் ஒரு தடவையாவது புகைபோக்கியைத் துடைக்க ஆள் கூப்பிடுங்கள். முதல் குளிர்காலத்தில் நடுவிலும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். குழாய்க்குள் ரயில் ஓடுவது போல இரைச்சல் கேட்டால், கதவையும் காற்றுத் திறப்பையும் மூடி, எல்லோரையும் வெளியே அனுப்பி, 911ஐக் கூப்பிடுங்கள். தீ தானாக அணைந்துவிட்டாலும் புகைபோக்கியை ஒருவர் பரிசோதிக்கும் வரை அடுப்பைத் தொடாதீர்கள்.