செக் தொகையைப் பார்க்காதீர்கள், ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்

லாஸ் ஏஞ்சலஸில் டிவி காமெடிக்கு எழுதவும் இசையமைக்கவும் வரும் பிள்ளைகளின் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. எங்கள் காலத்து ஆட்கள் சூடு பட்ட அதே இடத்தில்தான் இவர்களும் கை வைக்கிறார்கள். நேரத்துக்குப் போவது, அடுத்தவன் ஜோக்கைத் திருடாமல் இருப்பது எல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணத்தில் கோட்டை விடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எழுதியவர் பங்கையும் சேர்த்து விற்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. டைட்டில் இசைக்கு ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு ‘ஒர்க் ஃபார் ஹயர்’ என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். சட்டத்தின் கண்ணில் அந்த மெட்டைப் போட்டதே கம்பெனிதான் என்று ஆகிவிடும். சரி, டிவியில் இது சகஜம், இதற்கே கோபித்துக்கொண்டால் பிழைக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகும் உங்களுக்கு ஒன்று மிஞ்ச வழி உண்டு. ஒளிபரப்புக்காக ஏஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகள் வசூலிக்கும் ராயல்டியில் பாதி, பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பப்ளிஷருக்கும் பாதி எழுதியவருக்கு நேராகவும் போகும் (மெட்டுப் போட்டவரும் ‘எழுதியவர்’தான்). அந்த ‘ரைட்டர்ஸ் ஷேர்’ உங்களுக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்க வேண்டும், எந்த இசை யாருடையது என்று கம்பெனி அந்த அமைப்புகளுக்கு அனுப்பும் பட்டியலான கியூ ஷீட்டில் உங்கள் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த கிட்டார்காரப் பையன் ஒருவன், “எழுதியவர் பங்கு உட்பட அனைத்தும்” என்ற வரிக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்த செக்கில் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கினான். தொடர் மறு ஒளிபரப்புக்குப் போய் மதியம் தவறாமல் ஓடியது, கியூ ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் இசை என்ற இடத்தில் தயாரிப்பாளர் பெயர்! அப்புறம்தான் என்னிடம் வந்தான். முன்பே வந்திருந்தால் ஒரு மெயிலில் முடிந்திருக்கும். 1978 முதல் எழுதிக் கொடுத்த உரிமையை 35 ஆண்டு கழித்துத் திரும்பக் கேட்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது, ஒர்க் ஃபார் ஹயருக்கு அதுவும் இல்லை.

டெசி அர்னாஸைப் பாருங்கள். கியூபாவிலிருந்து வந்த பேண்டுக்காரர். 1951இல் ‘ஐ லவ் லூசி’ காமெடித் தொடரை ஃபிலிமில் எடுக்கச் செலவாகிறது என்று சிபிஎஸ் டிவி முனகியபோது, அவரும் மனைவி லூசில் பாலும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு எபிசோடுகளின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். பிற்பாடு அதை சிபிஎஸ்ஸுக்கே நல்ல விலைக்கு விற்றார்கள், 1957இல் ஆர்கேஓ என்ற ஹாலிவுட் ஸ்டூடியோவையே வாங்கினார்கள். காமெடியன் டேவ் ஷப்பெல் கதை நேர்மாறு. 2020இல் தன் பெயரில் ஓடிய நிகழ்ச்சியைத் தயவுசெய்து பார்க்காதீர்கள் என்று ரசிகர்களிடம் அவரே கேட்க வேண்டியிருந்தது, ஏனென்றால் ஸ்ட்ரீமிங்கில் அவருக்குக் காசு வரவில்லை, ஒப்பந்தப்படி தர வேண்டியதும் இல்லை. அவ்வளவு பெரிய ஆள் என்பதால் மறுவருஷம் பணம் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். உங்களுக்கும் எனக்கும் யார் கொடுப்பார்கள்?

அட்வான்ஸைச் சம்பளம் என்று நினைப்பது

பாட்டுக் கம்பெனி தரும் அட்வான்ஸ் உங்கள் ராயல்டியில் கழியும் கடன். ஆல்பம் லட்சக்கணக்கில் விற்ற 1995இலேயே டிஎல்சி பாடகர் குழுவின் பெண்கள் திவால் மனு போட்டார்கள்.

ரேடியோவை நம்புவது

அமெரிக்க எஃப்எம்மில் எழுதியவருக்குத்தான் காசு, பாடியவருக்கு ஒரு சென்ட் கூட இல்லை.

தனியாகப் போய்ப் பேரம் பேசுவது

‘ஃப்ரெண்ட்ஸ்’ காமெடித் தொடரின் முக்கிய நடிகர்கள் ஆறு பேரும் ஒன்றாக நின்றதால்தான் கடைசி இரண்டு சீசனில் எபிசோடுக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர் வாங்கினார்கள். பேண்டில் நாலு பேரா? பாட்டில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒத்திகை அறையிலேயே எழுதி, நாலு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். ஹிட் ஆன பிறகு டிரம்மருக்கு ஞாபகம் வேறு மாதிரி இருக்கும்.