பெயர் கேட்காமல் எடுத்த படம்: அன்றாட வாழ்வைப் பதிவுசெய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளிப்படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் சிலர் அவ்வப்போது தங்கள் படங்களை என்னிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார்கள். தெருவில் நடப்பவர்கள், கைத்தொழில் செய்பவர்கள், சந்தையில் அமர்ந்திருப்பவர்கள், விளையாடும் குழந்தைகள் என அவர்கள் தேர்ந்துகொள்வது பெரும்பாலும் அன்றாட வாழ்க்கையைத்தான். படங்களில் பல என்னுடைய தொடக்கக் காலப் படங்களைவிடச் சிறப்பாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பழக்கங்களைக் கேட்டு அறியும்போது, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்து வருந்திய அதே பிழைகள் அப்படியே திரும்ப வந்து நிற்பதைக் காண்கிறேன்.

அடிவானம் சாய்ந்திருப்பது, ஃபோகஸ் தவறுவது, முகத்தில் நிழல் விழுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை படத்தைப் பார்த்தவுடன் எடுத்தவருக்கே தெரிந்துவிடும். நூறு படங்களுக்குள் தாமாகவே சரியாகிவிடும். படம் எடுத்த அன்று கண்ணுக்குத் தெரியாமல், ஆண்டுகள் கழித்து வெளிப்படும் தவறுகளைப் பற்றியே எழுத நினைக்கிறேன்.

தொலைவிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்தல்

கூச்சத்தின் காரணமாகப் பலரும் முதலில் வாங்குவது, தொலைவில் இருப்பதை அருகில் காட்டும் 200 மி.மீ. அல்லது அதற்கும் நீண்ட லென்ஸைத்தான். எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு, எடுக்கப்படுபவர் அறியாமலே முகத்தை மட்டும் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. அவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கும்போது முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுபோலத் தெரிகின்றன. அந்த மனிதர் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறார், கைக்கெட்டும் தூரத்தில் என்ன வைத்திருக்கிறார் என்பதெல்லாம் மறைந்துபோகிறது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்த்தியே பிரெஸ்ஸோன் தம் வாழ்நாளில் எடுத்த படங்களில் பெரும்பகுதியை, தொலைவை நெருக்கிக் காட்டாத 50 மி.மீ. லென்ஸால்தான் எடுத்தார். அந்த லென்ஸுடன் ஒரு மனிதரின் முகமும் கைகளும் நிறைய வேண்டுமானால், அவரோடு பேசக்கூடிய தொலைவுக்கு நீங்கள் சென்றாக வேண்டும். சென்றுவிட்டால் பேச்சும் தானாகத் தொடங்கிவிடும்.

விழா நாளில் மட்டும் போதல்

விழாவுக்கு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள்.

படத்துக்கு ஒவ்வாதது என்று பொருள்களை அகற்றுதல்

ஒரு குயவரின் பக்கத்தில் நெகிழி வாளி இருக்கும். ஒரு நெசவாளரின் தறிமீது கைபேசி மின்னேற்றம் ஆகிக்கொண்டிருக்கும். பண்பாட்டைப் பதிவுசெய்ய வந்த இளைஞர் அதைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார்; நகர்த்தி வைக்கும்படி கேட்கிறார், அல்லது பிறகு கணினியில் அழித்துவிடுகிறார். இது புதிய நோயன்று. அமெரிக்கப் பழங்குடி மக்களைப் பல்லாண்டுகள் படமெடுத்த எட்வர்ட் கர்ட்டிஸ், 1910 வாக்கில் பீகன் இனத்தைச் சேர்ந்த ஒரு தந்தையையும் மகனையும் அவர்களுடைய கூடாரத்துக்குள் எடுத்தார். இருவருக்கும் நடுவில் ஒரு கடிகாரம் இருந்தது. அச்சான படத்தில் கடிகாரம் இல்லை; அவர் அதை அழித்திருந்தார். மாறாத தொன்மையில் வாழ்பவர்களாக அவர்களைக் காட்ட விரும்பியவருக்கு அந்தக் கடிகாரம் இடையூறாக இருந்திருக்கிறது. கடிகாரம் உள்ள மூலப்பதிவும் தப்பிப் பிழைத்திருப்பதால் இன்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்க்கும் எவருக்கும், அந்த இருவருடைய வாழ்க்கையைப் பற்றி அழிக்கப்பட்ட கடிகாரமே அதிகம் சொல்கிறது என்பது விளங்கும். வாளியை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பழமையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுதல்

வேண்டாம்.

பெயரையும் விவரத்தையும் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விடுதல்

நான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தது இந்த ஒரு தவறைப் பற்றிப் பேசுவதற்காகத்தான். இதைச் செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சினம் வருகிறது. அந்தச் சினத்தில் பாதி என்மீதே வருவது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கொல்லுப்பட்டறையில் இரண்டு நாட்கள் படமெடுத்தேன். அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்திய பட்டறை அது. இருவருக்கும் ஒரே சாயல்; இருவர் முகத்திலும் கரி. ஒருவர் குறடால் இரும்பைப் பிடித்துக்கொள்ள மற்றவர் சம்மட்டி போடுவார். இருவருடைய பெயர்களையும் கேட்டேன், ஆனால் எழுதிக்கொள்ளவில்லை. இரண்டு பெயர்கள்தானே, மறந்தா போய்விடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்துப் படங்களை அடுக்கும்போது, குறடு பிடித்திருப்பவர் அண்ணன், சம்மட்டி போடுபவர் தம்பி என்று நினைவிலிருந்து எழுதி வைத்தேன். கை சலித்தபோதெல்லாம் அவர்கள் இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போது என் நினைவில் இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. தம்பி இறந்துவிட்டார். அவரைத் தனியாக எடுத்த படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை, உங்களிடம் இருந்தால் பெரிதாகப் போட்டுத் தர முடியுமா என்று அவருடைய மகன் கேட்டான். நான் அன்றே தேடி, என் குறிப்பில் தம்பி என்று எழுதியிருந்த முகத்தைக் கவனமாகத் தேர்ந்து, நல்ல தாளில் பிரிண்ட் போட்டு, சட்டமும் இட்டு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்த அன்று மாலை மகன் மறுபடியும் பேசினான். “சார், இது எங்க பெரியப்பா” என்றான். அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை. இறந்தவரின் படத்துக்காகக் காத்திருந்த வீட்டுக்கு, உயிரோடு இருக்கும் மனிதரின் படத்தை நான் அனுப்பியிருந்தேன்.

பிறகு நாள் முழுவதும் உட்கார்ந்து அந்த இரண்டு நாட்களின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தம்பியின் இடது முன்கையில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு உண்டு என்று மகன் சொல்லியிருந்தான். அந்தத் தழும்பைக் கொண்டு அடையாளம் கண்டு, சரியான படத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன்தான் வாங்கிக்கொண்டார். என்மேல் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அண்மையில் ஓர் இளைஞர் நான்கு நாள் உழைப்பில் எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டுவந்தார். உப்பளத் தொழிலாளர்கள். உண்மையாகவே அருமையான படங்கள். கோப்புறைகளின் பெயர்களைப் பார்த்தேன்: ‘முதியவர் 1’, ‘முதியவர் 2’, ‘சிரிக்கும் பெண்’. அவர்கள் பெயர் என்ன என்றேன். மனத்தில் இருக்கிறது, பிறகு எழுதிவிடுவேன் என்றார். அந்தப் பதிலைக் கேட்டபோது கொல்லுப்பட்டறை கண்முன் வந்தது.

இந்தத் தவறு பேர்பெற்றவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1936 மார்ச்சில் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டோரோதியா லேஞ்ச், கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரருகே, பட்டாணி பறிக்க வந்து வேலையின்றித் தவித்த கூலித் தொழிலாளர்களின் முகாமில், குழந்தைகளுடன் கூடாரத்தில் அமர்ந்திருந்த ஒரு தாயை எடுத்தார். உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் முகமாகவே ஆகிவிட்ட படம் அது. மற்ற இடங்களிலெல்லாம் மக்கள் பேசியதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் வழக்கம் உடையவர் லேஞ்ச். அன்றோ, நீண்ட பயணத்தின் களைப்பில், அந்த முகாமைக் கடந்து 20 மைல் சென்ற பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவர். வயது 32 என்பதைக் கேட்டறிந்தார், பெயரைக் கேட்கவில்லை. குடும்பம் உணவுக்காக வண்டியின் டயர்களை விற்றுவிட்டது என்று அவர் தந்த செய்தி படத்தோடு சேர்ந்து உலகெங்கும் போனது. 42 ஆண்டுகள் கழித்து, 1978இல்தான், அந்தத் தாய் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது வெளியே தெரிந்தது. டயர்களை விற்கவே இல்லை என்று குடும்பத்தார் மறுத்தார்கள். வேறு யாருடைய கதையோ இந்தத் தாயின் கதையோடு கலந்துவிட்டிருக்கலாம் என்பதே என் ஊகம். களத்தில் எழுதாமல் விடும்போது அப்படித்தான் கலக்கும்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி 1984இல் பாகிஸ்தானில் இருந்த ஆப்கானிய அகதிகள் முகாமில் எடுத்த பச்சைக் கண் சிறுமியின் படம், 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் வந்தது. அந்தச் சிறுமியின் பெயர் ஷர்பத் குலா என்பது, ஒரு குழு தேடிச்சென்று கண்டுபிடித்த 2002ஆம் ஆண்டு வரை அந்த இதழுக்கே தெரியாது. கோடிக்கணக்கானோர் அறிந்த முகம். எல்லோரும் அவரைக் குறிப்பிட்டது ‘ஆப்கான் சிறுமி’ என்று மட்டுமே.

பெயர் கேட்டால் அந்தக் கணத்தின் இயல்பு கெட்டுவிடும் என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. முதலில் படத்தை எடுத்துவிட்டு, அருகில் போய் உட்கார்ந்து, அதன் பிறகு கேளுங்கள். என் அனுபவத்தில், பெயரைக் கேட்டதும் இறுகிப் போனவர்களைவிட முகம் மலர்ந்து இன்னும் நான்கு செய்திகள் சொன்னவர்களே அதிகம். வேண்டாம் என்று ஒருவர் மறுத்தால், மறுத்தார் என்பதையே குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் பின்னால் வேண்டியிருக்கும் செய்திதான்.

கொல்லுப்பட்டறைக்குப் பிறகு நான் கைக்கொண்டு வரும் முறை எளியது. ஒருவரைப் படமெடுத்து முடித்ததும், அவருடைய பெயரை அவரையே என் குறிப்பேட்டில் எழுதச் சொல்கிறேன். எழுத இயலாதவர் என்றால் நான் எழுதி, உரக்கப் படித்துக் காட்டிச் சரிபார்க்கிறேன். பிறகு அந்தப் பக்கத்தையே ஒரு படம் எடுத்துவிடுகிறேன். இதனால் முகங்களும் பெயரும் ஒரே வரிசையில், ஒரே மெமரி கார்டில் அமைந்துவிடுகின்றன. குறிப்பேடு தொலைந்தாலும் பெயர் தொலைவதில்லை. இருவரோ மூவரோ சேர்ந்திருந்தால், ‘இடமிருந்து வலம்’ என்று மட்டும் எழுதுவதில்லை, ஏனெனில் மனிதர்கள் இடம் மாறுவார்கள். சட்டையின் நிறம், தழும்பு, கண்ணாடி என மாறாத ஓர் அடையாளத்தையும் சேர்த்து எழுதுகிறேன். கோப்பு எண்ணை மட்டும் நம்புவதும் ஆபத்து. பெரும்பாலான கேமராக்களில் அந்த எண் 9999ஐத் தொட்டதும் 0001க்குத் திரும்பிவிடும். ஒரே எண்ணுள்ள இரண்டு கோப்புகள் உங்கள் சேமிப்பில் இருப்பது அரிய நிகழ்ச்சியே இல்லை. இரண்டு கேமராக்கள் வைத்திருந்தால் காலையிலேயே இரண்டின் கடிகாரங்களையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும்; பத்து நிமிட வேறுபாடு போதும், நிகழ்ச்சிகளின் வரிசையே குழம்பிவிடும்.

கருவிகளின் பெயர்களையும் செயல்களின் பெயர்களையும் அந்தத் தொழில் செய்பவரின் வாயிலிருந்தே கேட்டு எழுதுவது இதே அளவு முக்கியம். நான் பல படங்களுக்கு ‘சுத்தியல்’ என்று எழுதியிருந்தேன். பட்டறைக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். தொழில் மறையும்போது முதலில் மறைவது இந்தச் சொற்கள்தான். ஒளிப்படத்தில் பொருளின் உருவம் எஞ்சும், பெயர் எஞ்சாது.

அன்றிரவே இவற்றைக் கணினியில் ஏற்றி, படக்கோப்புக்குள்ளேயே இருக்கும் படக்குறிப்புப் பகுதியில் எழுதிவிட வேண்டும். யார், என்ன செய்கிறார், எங்கே, எந்த நாளில் என்பது முதல் வாக்கியம். பார்ப்பவர் தாமாக அறிய முடியாத பின்னணி இரண்டாம் வாக்கியம். ‘வறுமையின் முகம்’, ‘தனிமை’ போன்ற தலைப்புகள் படக்குறிப்பு ஆகா. இன்னொன்று: செய்திச் செயலிகள் வழியாக அனுப்பும்போது கோப்புக்குள் எழுதியவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும் என்பதால், குறிப்புகளைத் தனிக் கோப்பாகவும் வைத்திருங்கள்.

எல்லா அசைவையும் உறையவைத்தல்

கேமராவின் ஷட்டர் 1/1000 நொடி மட்டும் திறந்திருக்கும்படி எடுத்தால், குயவரின் சுழலும் சக்கரமும் நின்ற சக்கரமும் ஒன்றுபோலவே இருக்கும். குயவர் சும்மா கைவைத்துக்கொண்டிருப்பதாகவே பார்ப்பவர் எண்ணுவார். 1/30 நொடிக்கு இறங்கி, கையை ஊன்றிக்கொண்டு பத்துப் படம் எடுத்தால் ஏழு வீணாகும். மீதி மூன்றில் முகம் தெளிவாகவும் மண் சுழல்வதாகவும் இருக்கும்.

வேலை முடிந்ததும் கிளம்பிவிடுதல்

அவர்கள் கைகளைக் கழுவும் வரையாவது இருங்கள்.

களத்திலேயே படங்களை அழித்தல்

சிறிய திரையில் வீண் என்று தோன்றியதில் ஒன்றுதான் எனக்குத் தம்பியின் தழும்பைக் காட்டியது. அதில் முகம் பாதி வெட்டுப்பட்டிருந்தது.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் விடுதல்

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாதவர்கள் தமக்குப் பின்னால் வருபவர்களுக்கும் சேர்த்துக் கதவை அடைத்துவிடுகிறார்கள். ‘போன தடவை வந்தவரும் இப்படித்தான் சொன்னார்’ என்ற சொல்லை நான் பல வாசல்களில் கேட்டிருக்கிறேன். கைபேசிக்கு அனுப்புவது போதாது. கைபேசி மாறும்போது படமும் போய்விடும். சிறிய அளவிலாவது தாளில் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். கொடுக்கும் முன் பின்பக்க ஓரத்தில் பெயரையும் நாளையும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தடமாகத் தெரியும். மையும் அடுத்த படத்தில் ஒட்டிக்கொள்ளும். பளபளப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அதற்கென்று விற்கும், மை விரைவில் உலரும் பேனாவால் எழுதி, காயவிட்டு, பிறகு உறையில் இடுங்கள்.