வால்வு மாற்றிய பிள்ளைக்கு வார்ஃபரின்: வீட்டில் செய்ய வேண்டியவை

தொண்டை நோவில் தொடங்கும் வாதக் காய்ச்சல், கவனிக்காமல் விட்டால் பிள்ளையின் இதய வால்வையே கெடுத்துவிடும். அப்படிக் கெட்டுப்போய், மெக்கானிக்கல் (செயற்கை) வால்வு வைத்துக்கொண்டு மலையகத் தேயிலைத் தோட்ட லயத்துக்கு (லைன் வீட்டுக்கு)த் திரும்பும் பிள்ளைகளின் அம்மா அப்பாவுக்காக இதை எழுதுகிறேன். வாட்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் சொன்னதெல்லாம் மனதில் நிற்காது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையின் அளவை முடிவு செய்வது கிளினிக் டொக்டர்தான். அந்த அளவு ஒழுங்காக வேலை செய்வதற்கு வீட்டில் என்ன செய்யலாம் என்பது மட்டுமே இங்கே.

முதலில் ஐஎன்ஆர்

செயற்கை வால்வில் இரத்தம் உறைந்து ஒட்டக்கூடும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்கத்தான் வார்ஃபரின். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்தான் ஐஎன்ஆர் (INR). மருந்து எடுக்காதவருக்கு அது 1 அளவில் இருக்கும். வால்வு வைத்த பிள்ளைக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை, இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு என்றால் 2.5 முதல் 3.5 வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்று கேட்டு, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதச் சொல்லுங்கள். எண் குறைந்தால் கட்டி, கூடினால் இரத்தப்போக்கு. இரண்டுமே ஆபத்து.

மாத்திரை கொடுக்கும் நேரம்

மாலையில் கொடுப்பது நல்லது. காலையில் இரத்தம் எடுத்து, அளவை மாற்றச் சொன்னால் அன்றைக்கே மாற்றலாம். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு வந்து, முகம் கழுவி, விளக்கு வைக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது. கொடுத்தவுடன் கலண்டரில் ஒரு கோடு போடுங்கள். அம்மா ஒரு தடவை, அப்பாயி ஒரு தடவை என்று இரண்டு முறை கொடுத்துவிடும் ஆபத்து கூட்டுக் குடும்பத்தில் அதிகம்.

மாத்திரையின் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். பாமசி மாறினால் கம்பனி மாறும், நிறமும் மாறலாம். மாத்திரை அட்டையில் எத்தனை மில்லிகிராம் என்று ஒவ்வொரு முறையும் வாசியுங்கள். ஒரு வேளை விட்டுப்போய், அன்று இரவுக்குள் ஞாபகம் வந்தால் கொடுக்கலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்ததென்றால் இரட்டிப்பாகக் கொடுக்கவே கூடாது. கொப்பியில் குறித்துவைத்து கிளினிக்கில் சொல்லுங்கள்.

கீரை கொடுக்கலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. "கீரையே வேண்டாம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உறைவுக்கான புரதங்களைச் செய்ய ஈரலுக்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் தடுப்பது அந்த வேலையைத்தான். முருங்கைக்கீரை, வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன் எல்லாவற்றிலும் வைட்டமின் கே நிறைய. கோவாவிலும் உண்டு. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் கீரை சாப்பிடுகிற பிள்ளைக்கு அந்தக் கணக்குக்கு ஏற்ற மாதிரி டொக்டர் அளவைப் பொருத்திவிடுவார். சிக்கல் வருவது எப்போது? ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்து, அப்புறம் தோட்டத்தில் கீரை செழித்ததும் தினமும் சுண்டல் வைக்கும்போது. பள்ளிக்கூடத்தில் இலைக்கஞ்சி கொடுக்கத் தொடங்கினாலும் கிளினிக்கில் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டாலும் வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும்.

தேத்தண்ணி பற்றிப் பயப்படவேண்டாம். தேயிலையில் வைட்டமின் கே இருந்தாலும் வடித்த சாயத்தில் மிகக் குறைவாகத்தான் இறங்கும்.

காய்ச்சல், இருமல், நாட்டு மருந்து

ஐஎன்ஆர் தாறுமாறாவது பெரும்பாலும் இங்கேதான். வயிற்றோட்டம், சாப்பாடு இறங்காத நாட்கள், பல கிருமி மருந்துகள் எல்லாம் ஐஎன்ஆரை ஏற்றிவிடும். மெட்ரோனிடசோல், கோட்ரிமொக்சசோல் இரண்டும் இதில் பேர்போனவை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் ஐஎன்ஆரை இறக்கிவிடும். தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனாலும் "பிள்ளை வார்ஃபரின் எடுக்குது" என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசவேண்டும். காய்ச்சலுக்குப் பனடோல் போதும். அதுவும் நாள்கணக்கில் போனால் கிளினிக்கில் கேளுங்கள். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். டொக்டரே எழுதித் தந்தாலொழிய அஸ்பிரினும் வேண்டாம். கஷாயம், லேகியம் எதுவானாலும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

வாதக் காய்ச்சல் திரும்பாமல் இருக்கப் போடும் பென்சிலின் ஊசியை நீங்களாக நிறுத்தவேண்டாம். அது தசையில் போடும் ஊசி என்பதால், போடும் நர்ஸிடம் வார்ஃபரின் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

அட்டை கடித்தால்

மழைக்காலத்தில் இதைத் தவிர்க்கமுடியாது. அட்டையின் எச்சிலிலேயே இரத்தம் உறையாமல் செய்யும் பொருள் இருக்கிறது. வார்ஃபரினும் சேர்ந்தால் நெடுநேரம் கசியும். கடித்த இடத்தைக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் விடாமல், இடையில் எடுத்துப் பார்க்காமல். சுண்ணாம்பு, புகையிலை எதுவும் காயத்தில் அப்பவேண்டாம்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். மருத்துவ அட்டையின் எச்சிலில் உள்ள, இரத்தத்தை உறையவிடாத ஹிருடின் என்ற பொருளைப் பார்த்துச் செய்த மருந்துதான் பிவலிருடின். இதயம் தளர்ந்து, மாற்று இதயத்துக்காகக் காத்திருக்கும் குழந்தைகளுக்கு வெளிநாடுகளில் இயந்திர பம்ப் பொருத்துவார்கள். குழந்தைகளுக்கென்றே செய்த பேர்லின் ஹார்ட் பம்புக்கு அமெரிக்காவில் 2011இல் அனுமதி கிடைத்தது. அங்கேயும் பெரிய தலைவலி இதே இரத்தக்கட்டிதான். உறைவைத் தடுக்க வழக்கமாக ஏற்றும் ஹெப்பரின் மருந்துக்குப் பதிலாக இப்போது பல இடங்களில் பிவலிருடின் ஏற்றுகிறார்கள். அந்த பம்பின் கூடு கண்ணாடி மாதிரி தெரிவதால், உள்ளே கட்டி படிகிறதா என்று நர்ஸ்மார் டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள்.

எப்போது ஓடவேண்டும்

நம் பிள்ளையின் வால்வை டோர்ச் அடித்துப் பார்க்கமுடியாது, ஆனால் கேட்கலாம். இரவில் லயம் அடங்கியதும் நெஞ்சில் "டிக் டிக்" என்று கேட்கும். அந்தச் சத்தம் மங்கினாலோ நின்றாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். வாய் கோணல், ஒரு கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், திடீர் மூச்சுத்திணறல், கறுப்பாக மலம், சிவப்பாகச் சிறுநீர், அழுத்தியும் நிற்காத மூக்கு இரத்தம் எல்லாவற்றுக்கும் அதேதான். படிக்கட்டில் விழுந்து தலை அடிபட்டால், பிள்ளை எழுந்து விளையாடினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு ஃபோன் எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாதை மோசமான டிவிஷன் (தோட்டப் பிரிவு) என்றால் எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பல் பிடுங்குவதற்கு முன் பல் டொக்டரிடம் வால்வு, வார்ஃபரின் இரண்டையும் சொல்லவேண்டும். பெண் பிள்ளை பெரியவளானதும் மாதவிடாய் அதிகமாகப் போகலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் கிளினிக்கில் பேசுங்கள். தீபாவளி, சித்திரை வருடப்பிறப்பு நேரத்தில் கிளினிக் நாள் தள்ளிப்போகலாம் என்பதால், ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கூடுதலாகக் கையிருப்பில் இருக்கட்டும்.