தட்டைத் தனியாக வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்துகிறோம்

மார்கழி பிறந்தால் போதும், வேலூரில் பொழுது சாய்வதற்குள் ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். "பனி இறங்குது, சளி பிடிக்கும்" என்பார் எங்கள் பாட்டி. ஆனால் சளியைத் தருவது பனி இல்லை, வைரஸ். சாத்திய அறையில் ஒருவர் இருமினால் அந்த நுண்துளிகள் வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது வேறு. வீட்டில் ஒருவருக்கு டிபி என்று தெரிந்ததும் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக்குகிறோம். டிபி தட்டில் பரவாது, காற்றில்தான் பரவும். அந்தக் கிருமி மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். தட்டைப் பிரித்தவர்கள் ராத்திரி அதே அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வரிசையாகப் படுக்கிறார்கள். நோயாளியின் மனம் நொந்ததுதான் மிச்சம்.

அம்மை போட்டவரைத் தனி அறையில் விடுவது நல்ல பழக்கம். ஆனால் இருட்டறை எதற்கு? தெருப்பக்க ஜன்னலைத் திறந்து, கூடத்துப் பக்கக் கதவைச் சாத்துங்கள். வேப்பிலை அது பாட்டுக்கு இருக்கட்டும்.

சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும்போது ஜன்னலைத் திறக்கச் சொன்னால் அடிக்க வருவார்கள். சரி, நடுப்பகலில் வேண்டாம், விடியற்காலையிலும் ராத்திரியிலும் திறக்கலாம். "அதான் ஃபேன் ஓடுதே" என்பது பதில் ஆகாது. ஃபேன் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது. வீட்டு ஸ்பிளிட் ஏசியும் பெரும்பாலும் அறைக் காற்றைத்தான் இழுத்துக் குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. சாம்பிராணி வாசனை தரும், கிருமியை வெளியேற்றாது.

பீடி சுற்றும் வீடுகளில் தூள் பறக்கும் என்று ஜன்னலைத் திறக்கத் தயங்குவார்கள். பிழைப்பு அது, குறை சொல்ல முடியாது. வேலை முடிந்து எடுத்து வைத்த பிறகாவது முன்கதவையும் பின்கதவையும் சேர்த்துத் திறந்து வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று அவ்வளவாக ஓடாது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி நடுவீட்டில் பிடித்துப் பாருங்கள்: புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் காற்று நகர்கிறது, அங்கேயே சுழன்றால் இல்லை.

அப்புறம் கொசு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் டெங்கு கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும், ராத்திரி சாத்துவதால் அது நிற்காது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள். அடித்த வலையை எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் துடைக்கவே இல்லை. தூசி அடைத்து அது ஏறக்குறையச் சுவர் மாதிரி ஆகிவிட்டது.